ஒரு வருடத் தலைவரிடம் ஓயாமல் கேட்கப்பட்ட கேள்விகள்

ஒரு சேவைச் சங்கத்தில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை தலைவராக இருந்தேன். அந்த 12 மாதங்களில் முகாம்களிலும், மருத்துவமனை வாசல்களிலும், எங்கள் சொந்தக் கூட்டங்களிலும்கூட ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. சிலது முன்பின் தெரியாதவர்கள் கேட்டது, சிலது புது உறுப்பினர்கள் கேட்டது, ஒன்று வீட்டிலேயே கேட்டது. கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றாமல் போட்டிருக்கிறேன். பதில்கள் என் சொந்தக் கருத்து. சங்கத்தின் அறிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேவைச் சங்கம்னா தொண்டு நிறுவனம்தானே? எதுக்கு வேற பேரு?

இரண்டும் ஒன்றல்ல. தொண்டு நிறுவனத்தில் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அதுதான் தொழில். சேவைச் சங்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு பிழைப்பு உண்டு. ஒருவர் கடை வைத்திருப்பார், ஒருவர் ஆசிரியர், ஒருவர் ஓய்வு பெற்றவர். மாலையிலும் விடுமுறை நாளிலும் கிடைக்கிற நேரத்தை ஒன்றாகப் போட்டு ஏதாவது செய்கிறார்கள். ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ், சொரொப்டிமிஸ்ட், சோன்டா எல்லாம் இந்த வகைதான்.

இதில் ஒரு பலமும் ஒரு பலவீனமும் இருக்கிறது. ஒரு பல் மருத்துவரும் ஒரு மின்பணியாளரும் ஒரு கணக்காளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே காசு கொடுத்துத் தேட வேண்டிய திறமை உள்ளேயே இருக்கும். ஆனால் யாருக்கும் இது முதல் வேலை கிடையாது. சொந்தத் தொழிலில் நெருக்கடி வந்தால் முதலில் நழுவுவது சங்க வேலைதான். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் திட்டம் போட்டால் பாதியில் நிற்கும். நான் போட்டேன், நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதெல்லாம் யார் ஆரம்பிச்சது? ஆரம்பத்துலேர்ந்தே சேவைதானா?

இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது ரோட்டரி. மற்ற மூவரில் ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையல் தொழில் நடத்தியவர். பெரிய நகரத்தில் நட்பு வேண்டும், தொழிலில் ஒருவருக்கொருவர் கை கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கூட்டத்தை ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுழற்சி முறையில் நடத்தினார்கள். பெயரே அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததுதான். 1915-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கிவானிஸும் முதலில் தொழில் தொடர்புக்காகக் கூடியதுதான். 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில்காரர், சொந்த வியாபார லாபத்தைத் தாண்டி ஊருக்கு என்ன செய்கிறோம் என்று கேட்கப் போய்த்தான் லயன்ஸ் பிறந்தது.

இதை நான் மறைப்பதில்லை. "நட்புக்காகத்தான் சேர்ந்தேன், சேவையெல்லாம் அப்புறம்தான்" என்று குற்ற உணர்வோடு சொல்கிற புது உறுப்பினர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். ஆரம்பித்தவர்களே அப்படித்தான் வந்தார்கள்.

தலைவர் பதவி ஏன் ஒரே வருஷம்? நல்லா செஞ்சா தொடர விடலாமே?

ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். சங்கத் தலைவர் மட்டுமல்ல, பல சங்கங்களைச் சேர்த்துப் பார்க்கிற மாவட்ட ஆளுநரும், உலகத் தலைவரும்கூட வழக்கமாக ஓர் ஆண்டுக்குத்தான். யாரும் நாற்காலியில் வேர்விட முடியாது. எல்லாருக்கும் முறை வரும், எல்லாரும் ஒருநாள் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்து நாற்காலி அடுக்குவார்கள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காத பக்கமும் உண்டு. ஓர் ஆண்டுதான் என்பதால் ஒவ்வொரு தலைவரும் 'என் திட்டம்' என்று ஒன்றைத் தேடுகிறார். முந்தையவர் ஆரம்பித்ததை அடுத்தவர் தொடுவதில்லை. நான் பொறுப்பேற்ற வாரத்தில் பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஆறு தலைவர்கள், ஆறு 'நிரந்தரத் திட்டங்கள்'. அதில் ஒன்றுகூட அந்த மாதம் உயிரோடு இல்லை. மற்ற எல்லா முடிவுகளையும்விட, அந்தக் கோப்புகளைப் பார்த்ததுதான் என் வருடத்தை மாற்றியது.

அப்போ ஒரு வருஷத்துல செஞ்சது எதுவும் நிக்காதா?

நிற்கும். 1930-ல் அமெரிக்காவின் பியோரியா நகரில் ஜார்ஜ் போனம் என்று ஒரு லயன்ஸ் சங்கத் தலைவர். கறுப்புக் கோலோடு ஒரு பார்வையற்றவர் சாலையைக் கடக்கத் தவிப்பதைப் பார்த்தார். வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தக் கோல் கண்ணில் படவே இல்லை. கோலுக்கு வெள்ளை அடித்து, சிவப்புப் பட்டை போடலாம் என்றார். வெள்ளைக்கோல் அதற்கு முன்பே பிரிட்டனில் தென்பட்டதுதான். ஆனால் பியோரியா சங்கம் கோல்களைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. வெள்ளைக்கோலோடு ஒருவர் வந்தால் வழிவிட வேண்டும் என்று நகரமன்றத்தையும் விதி போட வைத்தது.

கோல் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் அந்தக் கோல்கள் தேய்ந்ததும் கதை முடிந்திருக்கும். விதி வந்ததால், சங்கத்தில் யார் தலைவர் என்பது அதற்குப் பிறகு ஒரு பொருட்டாகவே இல்லை.

சேரணும்னா வசதியானவரா இருக்கணுமா?

சந்தா உண்டு. அது சர்வதேச அமைப்புக்கு ஒரு பங்கு, மாவட்டத்துக்கு ஒரு பங்கு, சங்கத்தின் சொந்தச் செலவுக்கு ஒரு பங்கு என்று போகும். சேரும் முன் மொத்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நுழைவு பெரும்பாலும் ஓர் உறுப்பினரின் பரிந்துரை வழியாகத்தான். அதற்காக யாராவது அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு முகாமுக்கு வந்து நான்கு மணி நேரம் வேலை செய்யுங்கள், அழைப்பு தானாக வரும்.

சந்தாவைவிட, சொல்லாமல் வருகிற செலவுகள்தான் ஆளைத் தள்ளி வைக்கும். மாநாட்டுப் பயணம், சீருடைக் கோட்டு, விழா மண்டபம். என் ஆண்டில் இரண்டு விழாக்களைச் சாதாரணக் கூட்ட அறையில் நடத்தினோம். மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு மனவருத்தம். ஆனால் அதற்குப் பிறகு இளவயதினர் மூன்று பேர் சேர்ந்தார்கள். இளையவர்களுக்கு ரோட்டராக்ட், லியோ என்று தனிச் சங்கங்களும் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குவதும் நல்ல வழி.

பெண்கள் உறுப்பினராகலாமா, இல்ல மகளிர் அணின்னு ஓரமா உட்கார வைப்பாங்களா?

ஆகலாம், தலைவராகவும் ஆகலாம். ஆனால் இது சும்மா கிடைத்ததில்லை. கலிபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் 1970-களில் மூன்று பெண்களைச் சேர்த்தது. அதற்காகச் சர்வதேச அமைப்பு அந்தச் சங்கத்தின் பட்டயத்தை, அதாவது ரோட்டரி சங்கமாக இயங்கும் அங்கீகாரத்தை, பறித்தது. அவர்கள் கலைந்து போகாமல், ரோட்டரியின் சின்னமான சக்கரத்தின் மேல் பெருக்கல் குறி போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் பெண்களைச் சேர்ப்பதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு லயன்ஸும் கிவானிஸும் கதவைத் திறந்தன. 1989-ல் ரோட்டரி உலகம் முழுவதற்கும் தன் விதியை மாற்றியது. 2022-ல் ஜெனிஃபர் ஜோன்ஸ் ரோட்டரியின் முதல் பெண் உலகத் தலைவரானார்.

விதி மாறியதும் பழக்கம் மாறிவிடவில்லை. எங்கள் சங்கத்தில் வரவேற்பு மேஜைக்குப் பெண்கள், கணக்குக்கு ஆண்கள் என்று கேட்காமலே பிரிந்துகொண்டிருந்தது. பொருளாளர் பொறுப்பை ஒரு பெண் உறுப்பினரிடம் கொடுத்தோம். எங்கள் கணக்கு அந்த ஆண்டுதான் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தயாரானது.

எதுக்கு இத்தனை கூட்டம்? மணி அடிக்கிறது, அபராதம் போடுறது, இதெல்லாம் தேவையா?

மணி தேவையோ இல்லையோ, நேரத்துக்குத் தொடங்குவது தேவை. லயன்ஸில் 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒரு பொறுப்பே இருக்கிறது. தாமதமாக வந்தவருக்கும் பேட்ஜ் குத்தாதவருக்கும் விளையாட்டாக அபராதம் போடுவது அவர் வேலை. முதலில் எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது. ஆனால் சிரிக்காத சங்கத்தில் இரண்டாம் வருடம் யாரும் இருப்பதில்லை. ரோட்டரியில் வாராவாரம் கூட வேண்டும் என்றிருந்த கட்டாயம் 2016-க்குப் பிறகு தளர்ந்துவிட்டது. இப்போது மாதம் இரண்டு கூட்டம் போதும்.

சரி, உருப்படியா என்னதான் செஞ்சீங்க?

ஆண்டறிக்கையில் 31 நிகழ்ச்சிகள் என்று இருக்கிறது. அதை நான் பெருமையாகச் சொல்வதில்லை. 31-ல் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் தொடங்கி அதே நாளில் முடிந்தவை: ஊர்வலம், உறுதிமொழி, பொருள் வழங்கல். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் காலையில் யாருடைய வாழ்க்கையிலும் எதுவும் மாறியிருக்காது.

மாறியது என்று நான் நம்புவது மூன்று: கண்ணாடி, ரத்தம், ஒரு பள்ளியின் குடிநீர் வடிகட்டி. மூன்றிலும் முதலில் தவறு செய்து, திரும்பப் போய்ப் பார்த்து, பிறகு சரிசெய்தோம். முதல் முறையே சரியாகச் செய்தது எதுவும் இல்லை.

கண் முகாம்ல கண்ணாடி குடுத்தீங்கல்ல, அதுல என்ன தப்பு நடக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 40 வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்குவது எல்லாருக்கும் வருவது. அதற்கான வாசிப்புக் கண்ணாடி +1.00 முதல் கால் கால் புள்ளியாக ஏறிக்கொண்டே போகும். பரிசோதித்து, எண் பார்த்துக் கொடுத்தோம். தூரப்பார்வைக் குறை உள்ளவர்களையும் கண்புரை தெரிந்தவர்களையும் மருத்துவமனைக்கு அனுப்பினோம். கைதட்டல், போட்டோ, எல்லாம் ஆயிற்று.

மூன்று மாதம் கழித்து வீடு வீடாகப் போனோம். வழக்கம் இல்லாத வேலை என்பதால் நான்கே பேர்தான் வந்தோம். ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தார். முடிச்சை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, கொடுத்த அன்று இருந்ததுபோலவே பளபளவென்று இருந்த கண்ணாடியைக் காட்டினார். "போட்டா உடைஞ்சிடுமே, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அடுத்த வீட்டில் ஒரு அம்மா நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். படியில் இறங்கும்போது தலை சுற்றியதால் கழற்றிப் போட்டுவிட்டார். வாசிப்புக் கண்ணாடியில் தூரம் மங்கும், உட்கார்ந்து தைக்கவும் படிக்கவும்தான் அது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. யாரும் என்றால் நாங்கள்தான். இன்னொரு வீட்டில் காதுக்கம்பியின் திருகாணி விழுந்திருந்தது. ஒரு கடுகளவுத் திருகாணி; அது இல்லாததால் மொத்தக் கண்ணாடியும் அலமாரியில் கிடந்தது.

அதன்பிறகு நடத்திய முகாமில் கூட்டத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிப் பார்த்தோம், எழுந்து நடக்கும்போது கழற்றச் சொன்னோம், உடைந்தால் மாற்றித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு சின்னத் திருப்புளியும் ஒரு டப்பா திருகாணியும் என் பையில் நிரந்தரமாக ஏறிவிட்டன. லயன்ஸ் அமைப்பு கண் பணியில் இவ்வளவு காலம் நிற்பதற்கு, 1925-ல் ஒஹாயோவின் சிடார் பாயிண்ட்டில் நடந்த அவர்களின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோள் ஒரு காரணம் என்பார்கள். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக வாருங்கள் என்றார் அவர். எங்களிடம் வீரம் இருந்ததோ இல்லையோ, அந்தத் திருப்புளியால் மட்டும் அந்த ஆண்டில் பதினான்கு கண்ணாடிகள் திரும்ப மூக்கில் ஏறின.

போன தலைவர் ஒரே நாள்ல பெரிய ரத்ததான முகாம் நடத்தினாரே, நீங்க ஏன் சின்னச் சின்னதா நடத்துனீங்க?

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டுக்கொண்டதால். ரத்தம் சேர்த்து வைக்கிற பொருள் இல்லை. சிவப்பணுக்களை உரிய கரைசலில் அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். தட்டணுக்கள் ஐந்து நாள் தாங்கினாலே பெரிது. ஒரே நாளில் குவிந்தால் கொஞ்சம் வீணாகும். அடுத்த மாதம் தேவைப்படும்போது, கொடுத்தவர்கள் எல்லாரும் இடைவெளி விட வேண்டிய காலத்தில் இருப்பார்கள். முழு ரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க, நாட்டுக்கு நாடு விதி மாறினாலும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முப்பது பேர் என்று பிரித்தோம். பேனரில் போட ஒரு பெரிய எண் கிடைக்கவில்லை. மாவட்டக் கூட்டத்தில் விருது அறிவித்தபோது எங்கள் பெயர் வரவில்லை, செயலாளருக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அந்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அரிதான வகை வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்றார்கள். பட்டியலில் தேதி பார்த்து, இடைவெளி முடிந்த இருவரை அனுப்ப முடிந்தது.

மரம் நட்டீங்களா?

நட்டோம். ஆறு மாதம் கழித்து எண்ணினோம். மூன்றில் ஒன்றுதான் இருந்தது. பை கிழிக்காமல் நட்டவை, வெயில் ஏறிய பிறகு நட்டவை, போட்டோ எடுக்க வசதியாகச் சாலை ஓரத்தில் நட்டவை எல்லாம் போய்விட்டன. அடுத்த முறை தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று பெயர் எழுதாமல் ஒரு கன்றுகூட வாங்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பாதியில நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அது எது?

குடிநீர் வடிகட்டி. ஒரு பள்ளியில் பொருத்தினோம். திறப்பு விழாவில் தண்ணீர் கண்ணாடியாக வந்தது. நான்கு மாதம் கழித்துப் போனால் குழாயில் ஒரு ஒட்டுத்தாள்: 'பயன்படுத்த வேண்டாம்'. உள்ளே இருந்த வடிகலன் அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். பள்ளிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எந்தக் கணக்கிலிருந்து வாங்குவது என்று அவர்களுக்கு வழியில்லை. எங்களில் அதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன உறுப்பினர், சொந்தத் தொழில் நெருக்கடியில் கூட்டங்களுக்கே வருவதை நிறுத்தியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் பதிலில் சொன்ன அதே பலவீனம்தான். ஒரே ஆளின் தலையில் ஏற்றியது என் தவறு.

பிறகு பள்ளி நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு மாற்று வடிகலன்களை நாங்கள் முன்கூட்டியே வாங்கி அங்கேயே வைத்துவிடுகிறோம். மாற்றுவது அவர்கள் பொறுப்பு. மாற்றிய தேதியைக் கருவியின் பக்கத்திலேயே மாணவர்கள் எழுதுகிறார்கள். மூன்றாம் ஆண்டுக்கு அவர்கள் வரவுசெலவில் இந்தச் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். அந்த வரிக்காக நடந்த பேச்சு, கருவி வாங்க ஆன நேரத்தைப்போல மூன்று மடங்கு இழுத்தது.

நாங்க குடுக்குற பணம் உங்க விருந்துக்கும் விழாவுக்கும் போகுதோன்னு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க.

தப்பாக நினைக்கவில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். லயன்ஸ் அமைப்பில் இதற்குத் தெளிவான விதியே உண்டு: பொதுமக்களிடம் திரட்டியது பொதுமக்களுக்கே போக வேண்டும், சங்கத்தை நடத்தும் செலவு உறுப்பினர் சந்தாவிலிருந்து வர வேண்டும். அதனால்தான் நிர்வாகக் கணக்கு, செயல்திட்டக் கணக்கு என்று இரண்டாகப் பிரித்து வைப்பது. எந்தச் சங்கத்துக்குப் பணம் கொடுத்தாலும் "இது எந்தக் கணக்கில் போகும்?" என்று கேளுங்கள். உடனே பதில் சொல்பவருக்குக் கொடுங்கள்.

எங்கள் பொருளாளர் மாதாமாதம் செயல்திட்டக் கணக்கை அச்சடித்துக் கூட்ட அறைச் சுவரில் ஒட்டினார். முதல் இரண்டு மாதம் யாரும் படிக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒருவர் ஒரு கூட்டல் பிழையைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு எல்லாரும் படிக்க ஆரம்பித்தார்கள், இன்னொரு பிழை கிடைக்குமா என்று.

உண்மையைச் சொல்லுங்க, பாதி பேர் போட்டோவுக்காகத்தானே வர்றீங்க?

சிலர் அப்படித்தான். போட்டோ எடுத்ததும் கிளம்புகிறவரை எல்லாச் சங்கத்திலும் பார்க்கலாம். போட்டோவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட அது உதவும். ஆனால் பொருளை வாங்குபவரின் முகத்தை எடுப்பதை நிறுத்தினோம். ஒரு சிறுவன் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை குடுங்க, கேமரா ரெடி ஆகல" என்று எங்கள் ஆள் கேட்டதும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கை நீட்டினான். அவன் தப்பு ஒன்றும் செய்யவில்லை. எனக்குத்தான் நிற்கவே முடியவில்லை.

இப்போது பொருள், வேலை செய்யும் கைகள், முடிந்த வேலை ஆகியவற்றை மட்டும் எடுக்கிறோம். போட்டோ எடுத்ததும் கிளம்புகிற ஆட்கள் குறைந்தார்கள். அப்படியே மொத்த வருகையும் கொஞ்சம் குறைந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதிரி சங்கங்கள் உலக அளவுல பெருசா எதையாவது சாதிச்சிருக்கா?

போலியோ. 1979-ல் ரோட்டரி பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுக்கத் தொடங்கியது. 1985-ல் அதை உலகத் திட்டமாக்கியது. 1988-ல் உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றோடு உலகளாவிய ஒழிப்பு முயற்சி பிறந்தபோது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு பாதிப்பு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இயற்கையான வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாம் வகை ஒழிந்ததாக 2015-லும், மூன்றாம் வகை ஒழிந்ததாக 2019-லும் அறிவித்தார்கள். முதல் வகை இன்னும் முழுதாகப் போகவில்லை.

"நாங்கள்தான் ஒழித்தோம்" என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் சுகாதாரப் பணியாளர்கள். சங்கங்கள் பணம் திரட்டின, அரசுகளை நச்சரித்தன, தன்னார்வலர்களை அனுப்பின. எல்லாவற்றையும்விட, நாற்பது ஆண்டுகளாக ஒரே வேலையை விடாமல் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் தலைவர் மாறுகிற ஓர் அமைப்பு இதைச் செய்திருக்கிறது என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்துவது.

அரசாங்கம் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சா, அவங்க இன்னும் சோம்பேறி ஆயிடுவாங்கல்ல?

நியாயமான கேள்வி. எனக்கே இதில் முழுத் தெளிவு இல்லை. சிகாகோ ரோட்டரி சங்கம் 1907-ல் இறங்கிய முதல் பொதுப்பணி எது தெரியுமா? பொதுக் கழிப்பறை. ஆனால் அதைத் தானே கட்டி நடத்தவில்லை; மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, நகர நிர்வாகம் செய்யும்படி விடாமல் கேட்டது. மேலே சொன்ன வெள்ளைக்கோலும் அந்த மாதிரிதான்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது. ஒரு வேலை ஒரு தடவை செய்தால் முடிந்துவிடும் என்றால் நாங்களே செய்யலாம். வருடா வருடம் செய்தாக வேண்டியது என்றால், செய்துகாட்டிவிட்டு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பள்ளி வரவுசெலவில் ஒரு வரிக்காக அத்தனை இழுபறி நடத்தியது அதனால்தான்.

பெரிய நன்கொடை குடுக்குறவர், என் பேரைப் பெருசா போடுன்னு கேட்டா?

கேட்டார். கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றிலும் தன் தொழில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும் என்றார். சங்கத்தில் இரண்டு கட்சியானது. ரோட்டரியில் நான்கு கேள்விச் சோதனை என்று ஒன்று உண்டு. ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் 1932-ல், நொடித்துக்கொண்டிருந்த தன் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த எழுதியது. இது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளருமா, எல்லாருக்கும் நன்மையா என்பவைதான் அந்த நான்கு. ஒருவர் அதை வாசித்தார். முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதில் மாட்டிக்கொண்டோம்: கண்ணாடி வாங்குபவர் தினமும் ஒரு விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிவது அவருக்கு நியாயமா?

முகாம் நுழைவாயில் பலகையில் பெயர் போடுகிறோம், பெட்டியில் போட மாட்டோம் என்று சொன்னோம். அவர் பாதித் தொகைதான் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். இன்னொரு தலைவர் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம், அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

சும்மா பேரளவுக்கு இருக்குற உறுப்பினர்களை என்ன செஞ்சீங்க?

முதல் மூன்று மாதம் திட்டினேன். பலனில்லை. பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாக, "மாதம் எத்தனை மணி நேரம் தர முடியும்?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் ஒரு மணி நேரம் என்றார். அந்த ஒரு மணி நேரத்தில், ரத்தம் கொடுத்தவர்களின் தேதிப் பட்டியலை அவர்தான் பார்த்துக்கொண்டார். மேலே சொன்ன இரவு அழைப்புக்குப் பதில் சொல்ல முடிந்தது அவரால்தான்.

வீட்டுக்குன்னு நேரம் குடுத்தீங்களா?

இது வீட்டில் கேட்டது. குறைவாகத்தான் கொடுத்தேன். ஊரில் எல்லார் வீட்டுக் கண்ணாடித் திருகாணியையும் முடுக்கிக்கொண்டிருந்த ஆண்டில், எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் எட்டு மாதம் ஆடிக்கொண்டிருந்தது. ஜூலை 2-ஆம் தேதி சரிசெய்தேன்.

மறுபடி தலைவராவீங்களா?

இப்போதைக்கு இல்லை. புதுத் தலைவர் தன் திட்டங்களோடு வந்திருக்கிறார், நல்ல திட்டங்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: திரும்பப் போய்ப் பார்க்கும் வேலையை என்னிடம் விடுங்கள் என்று. சிரித்துக்கொண்டே சரி என்றார், யாரும் சண்டை போட்டு வாங்குகிற பொறுப்பு இல்லையே. ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் செய்த வேலை, வலது பக்கம் போய்ப் பார்க்க வேண்டிய தேதி. எனக்கு முந்தைய ஆறு தலைவர்களின் திட்டங்களில் இரண்டையும் இதில் எழுதியிருக்கிறேன். அவற்றைத் தொடங்கியவர்களே கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை துணி மூட்டைப் பெரியவரின் வீடு. போன தடவை போனபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார், ஆனால் வலது காதுக்கம்பி லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.